சுரங்க ரயிலில் ஒரு கிருமியைத் தேடி

2001 அக்டோபர் கடைசி வாரம். நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் பொருள் கிடங்கில் வேலை பார்த்துவந்த பெண்மணி ஒருவருக்கு உடம்பு வலியும் அசதியும் தொடங்கின. பிறகு மூச்சுத் திணறல். 28ஆம் தேதி மருத்துவமனையில் சேர்த்தார்கள். 31ஆம் தேதி இறந்துபோனார். அவர் ரத்தத்தில் வளர்ந்தது ஆந்த்ராக்ஸ் கிருமி. நம் ஊரில் மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்வார்களே, அதே நோய்தான். ஆனால் இவர் மாட்டையோ பதப்படுத்தாத தோலையோ தொட்டவர் இல்லை. கிருமி அவர் நுரையீரல் வழியாக உள்ளே போயிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கா முழுக்க அஞ்சல் உறை என்றாலே அச்சம். பத்திரிகை அலுவலகங்களுக்கும் செனட் உறுப்பினர்களுக்கும் ஆந்த்ராக்ஸ் பொடி அடைத்த கடிதங்கள் வந்திருந்தன. மொத்தம் 22 பேருக்கு நோய் கண்டது, ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரின் நோயை ஏதோ ஒரு கடிதத்தோடோ அஞ்சல் நிலையத்தோடோ முடிச்சுப்போட முடிந்தது. இந்தப் பெண்மணிக்கு அப்படி எதுவும் சிக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்தபோதே அவர் நிலைமை மோசம். எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதனால் நகரச் சுகாதாரத் துறையினரும் புலனாய்வாளர்களும் அவருடைய கடைசி நாட்களைத் தாங்களாகவே திரும்ப நடந்து பார்த்தார்கள். வீடு, உடுப்பு, வேலை செய்த கிடங்கு, அஞ்சல் பெட்டி என்று எல்லா இடத்திலும் மாதிரி எடுத்தார்கள். அவர் சுரங்க ரயிலில் போய்வருபவர். அவருடைய பயண அட்டையைத் தேய்த்த ஒவ்வொரு முறையும் எந்த நிலையம், எத்தனை மணி என்பது கணினியில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளை வைத்து அவர் கடந்துபோன நிலையங்களைக் கண்டுபிடித்து, அங்கேயும் போய்த் துடைத்தெடுத்துப் பார்த்தார்கள். எங்கும் ஆந்த்ராக்ஸ் இல்லை. அவரோடு பயணம் செய்த யாரும் நோயில் விழவுமில்லை. அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

நோயாளி இருந்தார், நோய்க்கிருமி அவர் உடலில் இருந்தது, ஆனால் சுரங்கத்தில் இல்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே சுரங்கத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. ஆந்த்ராக்ஸும் பிளேக்கும் நிலையத்தில் இருப்பதாக ஆய்வு சொன்னது, நோயாளி ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

முதலில், புலனாய்வாளர்களின் கண் ஏன் சுரங்க ரயில் பக்கம் போனது என்பதைப் பார்க்க வேண்டும். கொல்கத்தாவின் பழைய மெட்ரோ தடத்தில் நடைமேடையில் நின்றவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். ரயிலின் விளக்கு தெரிவதற்கு முன்பே குகையிலிருந்து காற்று வந்து முகத்தில் அடிக்கும். சென்னை மெட்ரோவின் நிலத்தடி நிலையங்களில் கண்ணாடிக் கதவுத் தடுப்பு இருப்பதால் அந்தக் காற்று நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சைக்கிள் பம்பில் தண்டு காற்றைத் தள்ளுவதுபோல, குழாய் போன்ற சுரங்கத்தில் ஓடும் ரயில் முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டும் பின்னால் உள்ளதை இழுத்துக்கொண்டும் போகிறது. பொறியாளர்கள் இதை பிஸ்டன் விளைவு என்கிறார்கள். பழைய சுரங்கங்கள் பலவற்றுக்கு இதுவேதான் காற்றோட்ட ஏற்பாடு. தெருவோர நடைபாதையில் இரும்புக் கம்பி வலை போட்டு மூடிய துளைகள் வழியாக ரயில்களே நகரத்துக் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகின்றன.

இந்தக் காற்றில் ஒரு நுண்பொடியைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? 1966 ஜூன் மாதம் அமெரிக்க ராணுவம் அதைச் செய்தே பார்த்தது.

மேரிலாந்தில் உள்ள ஃபோர்ட் டெட்ரிக் அப்போது உயிரியல் ஆயுத ஆராய்ச்சியின் தலைமையிடம். அங்கிருந்து வந்த குழுவினர் சாதாரணப் பயணிகளைப்போல மன்ஹாட்டன் நிலையங்களுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை மின்விளக்கு பல்புகள். உள்ளே இழைக்குப் பதிலாகக் கரித்தூளும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவும் கலந்த பொடி. ஒவ்வொன்றிலும் பல லட்சம் கோடி உயிரிகள். சில பல்புகளை நடைபாதைக் கம்பி வலைமேல் போட்டு உடைத்தார்கள். சிலவற்றை ஓடும் ரயிலின் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தண்டவாளத்தில் வீசினார்கள். அடுத்த ரயில் வந்து பொடியை வாரிக்கொண்டு போனது. அங்கங்கே மறைத்து வைத்திருந்த கருவிகள் காற்றை உறிஞ்சி மாதிரி எடுத்தன. அவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வளர்த்து எண்ணினார்கள்.

அந்த பேசில்லஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆந்த்ராக்ஸ் கிருமியைப் போலவே அதுவும் சூழ்நிலை சரியில்லாதபோது தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓட்டை வளர்த்துக்கொண்டு வித்தாக உறங்கும். வெயில், வறட்சி, காலம் எதற்கும் அசையாது. வித்தின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் அறுபது எழுபதில் ஒரு பங்கு. இத்தனை சிறியது மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஆக, கொல்லும் கிருமியைப் போலவே பறக்கும், ஆனால் கொல்லாது என்ற கணக்கில் அதை எடுத்துக்கொண்டார்கள்.

தெருவில் விட்ட பொடி சில நிமிடங்களில் நடைமேடைக்கு வந்தது. ஓரிடத்தில் விட்டது ரயில்களின் இழுப்பில் பல நிலையங்கள் தாண்டிப் பரவியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. இதில் என்னை மிகவும் உலுக்கியது பயணிகளைப் பற்றிய குறிப்பு. மேலேயிருந்து சாம்பல் நிறப் பொடி விழுந்தபோது சட்டையைத் தட்டிவிட்டு, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, நடந்து போய்விட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நிலையக் காவலரும் தடுக்கவில்லை.

இதே காரியத்தை பிரிட்டன் மூன்றாண்டு முந்திச் செய்திருந்தது. 1963 ஜூலையில் போர்ட்டன் டவுன் ஆய்வு நிலையத்தினர் லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் தடத்தில், ஓடும் வண்டியின் சன்னலிலிருந்து பேசில்லஸ் பொடி அடைத்த சிறு பெட்டியைப் போட்டார்கள். நகரத்தின் தென்கோடியில் போட்டது சுமார் 16 கி.மீ. தள்ளிவரை பரவியது. அந்தப் பயணிகளிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சாதாரண மண்ணில் வாழும் பாக்டீரியாதானே என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவரை அது ஒன்றும் செய்யாதுதான். ஆனால் பத்து லட்சம் பேர் புழங்கும் இடத்தில் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருப்பார், பிறந்து நாற்பது நாளான குழந்தை இருக்கும், நுரையீரல் நோயோடு கோலூன்றி நடக்கும் முதியவர் இருப்பார். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இத்தகைய பேசில்லஸ்களும் தொற்றை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. 1969 நவம்பரில் அதிபர் நிக்சன் தாக்குதலுக்கான உயிரியல் ஆயுதத் திட்டத்தை நிறுத்தினார். சுரங்க ரயில் சோதனை நடந்தது என்பதே எழுபதுகளில் செனட் விசாரணைகள் நடந்தபோதுதான் மக்களுக்குத் தெரியவந்தது.

விஷமிகள் கையில் இது போனால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ பதில் வைத்திருக்கிறது. ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு முதலில் நம்பியது கிருமிகளைத்தான். 1993 கோடையில் கமெய்தோ என்ற பகுதியில் இருந்த தன் எட்டு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரு திரவத்தைத் தெளித்தது. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் புகார் செய்தார்கள். சுற்றுச்சூழல் அதிகாரிகள் வந்து கட்டடத்தின் வெளிச்சுவரில் வழிந்த திரவத்தைக் கொஞ்சம் குழாயில் எடுத்துக்கொண்டு போனார்கள். அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை யாரும் தூக்கி எறியவில்லை, குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அதை வளர்த்துப் பார்த்தபோது ஆந்த்ராக்ஸ் பாக்டீரியா முளைத்தது. அரிசோனாவில் பால் கெய்ம் என்பவரின் ஆய்வகம் அதன் மரபணு அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அது ஸ்டெர்ன் என்ற வகை என்று சொன்னது. கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படுத்தும் வகை அது. நம் ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருத்துவ நிலையத்திலும் ஆடு மாடுகளுக்கான அடைப்பான் தடுப்பூசி தயாராகிறது.

தடுப்பூசி வகை ஏன் கொல்லவில்லை? ஆந்த்ராக்ஸ் கிருமியின் கொடுமை முழுவதும் இரண்டு சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கிறது. ஒன்றில் நஞ்சைத் தயாரிக்கும் மரபணுக்கள். மற்றொன்றில், நம் ரத்த வெள்ளணுக்கள் விழுங்க முடியாதபடி கிருமிக்கு உறை போர்த்தும் மரபணுக்கள். ஸ்டெர்ன் வகையில் இரண்டாவது வளையம் கிடையாது. போர்வை இல்லாத கிருமியை உடம்பு தின்று தீர்த்துவிடும். இந்த இரண்டு வளையங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நியூயார்க் கதையில் மறுபடி வருகின்றன.

1995 மார்ச் 15 அன்று அதே குழு டோக்கியோவின் கசுமிகசேகி சுரங்க ரயில் நிலையத்தில் மூன்று கைப்பெட்டிகளை வைத்தது. அரசு அமைச்சகங்கள் சூழ்ந்த நிலையம் அது. பொட்டுலினம் என்ற பாக்டீரியா நஞ்சைத் தெளிக்கப் பெட்டிக்குள் கருவி இருந்தது. ஆனால் பெட்டியில் நஞ்சு இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தே நாளில், மார்ச் 20 காலை நெரிசல் நேரத்தில், சாரின் என்ற வேதி நஞ்சை ஐந்து ரயில்களில் விட்டார்கள். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். 13 பேர் இறந்தார்கள். கால் நூற்றாண்டு படுக்கையில் கிடந்த ஒருவர் 2020இல் இறந்தபோது அந்த எண்ணிக்கை 14 ஆனது.

அன்று காலை மருத்துவமனைகளில் குவிந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. தீயணைப்புத் துறையின் முதல் சோதனை வேறொரு வேதிப்பொருளின் பெயரைச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு மாட்சுமோட்டோ நகரில் இதே குழு சாரின் விட்டபோது சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர், தொலைக்காட்சியில் நோயாளிகளைப் பார்த்ததும் டோக்கியோ மருத்துவர்களைத் தொலைபேசியில் அழைத்தார். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கிறதா பாருங்கள், இது சாரின்போலத் தெரிகிறது என்ற எச்சரிக்கை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. கருவி தடுமாறிய இடத்தில் நோயாளியின் கண் சாட்சி சொன்னது.

2001க்குப் பிறகு அமெரிக்கா நோயாளிக்காகக் காத்திருக்க விரும்பவில்லை. கிருமி காற்றில் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்று 2003இல் பயோவாட்ச் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெருநகரங்களில் காற்றை உறிஞ்சும் பெட்டிகள், அவற்றுள் வடிதாள், தினமும் அதை எடுத்து ஆய்வகத்தில் குறிப்பிட்ட சில கிருமிகளின் டி.என்.ஏ. இருக்கிறதா என்ற சோதனை. 2014 வரை 149 முறை மணி அடித்தது. அரசுத் தணிக்கை நிறுவனம் 2015இல் இதை ஆராய்ந்தபோது அவற்றில் ஒன்றுகூடத் தாக்குதல் இல்லை. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் உயிரிகள்தான் வடிதாளில் சிக்கியிருந்தன. யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தது. அந்த ஊரில் வழக்கமாக யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் யாரிடமும் இல்லை.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையில்தான் கிறிஸ்டோபர் மேசன் இறங்கினார். வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் மரபணு ஆய்வாளர். 2013 கோடையில் அவருடைய மாணவர்களும் தன்னார்வலர்களும் கையுறை மாட்டிக்கொண்டு, நைலான் துடைப்பான் குச்சிகளோடு நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறினார்கள். இருக்கை, கைப்பிடிக் கம்பி, நுழைவு வாயிலின் சுழல்கதவு, டிக்கெட் இயந்திரம். ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம் விடாமல் துடைக்க வேண்டும். கைப்பேசியில் இடமும் நேரமும் பதிவாகும். இப்படி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் இயங்கிவந்த 466 நிலையங்களிலும் மாதிரி எடுத்தார்கள். பாத்தோமேப் என்று அந்த வேலைக்குப் பெயர்.

2015 பிப்ரவரியில் ‘செல் சிஸ்டம்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. உண்மையிலேயே அருமையான செய்திகள் அதில் இருந்தன. கிடைத்த டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பாதி, அறிவியலுக்குத் தெரிந்த எந்த உயிரியோடும் ஒத்துப்போகவில்லை. 2012இல் சாண்டி புயலில் கடல்நீர் புகுந்து மூழ்கிய சவுத் ஃபெரி நிலையத்தின் சுவர்களில், தண்ணீர் வடிந்து நாளானபின்பும் கடல் பாக்டீரியாக்களின் தடம் இருந்தது. வெள்ளத்தை அந்தச் சுவர் மறக்கவில்லை என்று படித்தபோது எனக்குத் தோன்றியது. ஆனால் செய்தித்தாள்களின் கண்ணில் பட்டது வேறு இரண்டு வரிகள். மூன்று மாதிரிகளில் பிளேக் கிருமியோடும் இரண்டு மாதிரிகளில் ஆந்த்ராக்ஸ் கிருமியோடும் ஒத்த டி.என்.ஏ. துண்டுகள் கிடைத்தன என்ற வரிகள். சுரங்க ரயிலில் பிளேக் என்று தலைப்புகள் பறந்தன.

நகரச் சுகாதாரத் துறை உடனே மறுத்தது. எலியிலும் மனிதரிலும் பிளேக் வருகிறதா என்று அவர்கள் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒன்றும் தென்படவில்லை. ஆய்வுக் கட்டுரையே யாருக்கும் நோய் வரவில்லை, பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் பிளேக் என்ற சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் பயப்படாதே என்றால் எந்த ஊர் கேட்கும்?

தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் இது. துடைப்பானில் ஒட்டியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் படிக்கும்போது, முழு உயிரியின் முழு வாசகம் ஒரே மூச்சில் கிடைப்பதில்லை. நூற்றுச் சொச்சம் எழுத்துகள் கொண்ட கோடிக்கணக்கான துண்டுகளாகக் கிடைக்கும். யாருடைய துண்டு எது என்று தெரியாது. கணினி ஒவ்வொரு துண்டையும் தன்னிடம் இருக்கும் தொகுப்போடு ஒப்பிட்டு, எதோடு அதிகம் பொருந்துகிறதோ அந்தப் பெயரை எழுதும்.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கடிதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கடிதங்களைக் கிழித்துக் கலந்து ஒரு மூட்டையாகக் கட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டை எடுக்கிறோம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இருக்கிறது. யார் எழுதியது? மாமா எழுதிய கடிதத்திலும் அது உண்டு, மதுரையிலிருந்து அத்தை எழுதியதிலும் உண்டு, கடன்காரர் எழுதியதிலும் உண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் முழுசாக இருப்பது கடன்காரரின் கடிதம் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிடும் இயந்திரம் இது கடன்காரர் கடிதம் என்றுதான் சொல்லும். இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பாக்டீரியாக்களிலும் இதே நிலைமை. நோய் உண்டாக்கும் கிருமிகளைத்தான் விஞ்ஞானிகள் திரும்பத் திரும்ப ஆராய்ந்து முழு வாசகத்தையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். தெருப் புழுதியில் தன்பாட்டுக்கு வாழும் அவற்றின் உறவுக்காரர்களை யாரும் அவ்வளவு அக்கறையாகப் படிப்பதில்லை. பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ், சாதாரண வயிற்று நோய் தரும் இன்னொரு யெர்சினியாவிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தது. இரண்டின் டி.என்.ஏ.வும் அநேகமாக ஒன்றே. ஆந்த்ராக்ஸுக்கும் நெருங்கிய பங்காளிகள் உண்டு. ஒன்று, ஆறிப்போன சோற்றில் வளர்ந்து வாந்தி உண்டாக்கும் பேசில்லஸ் செரியஸ். இன்னொன்று, புழுக்களைக் கொல்ல நம் விவசாயிகள் கடையில் வாங்கித் தெளிக்கும் பி.டி. மருந்தில் உள்ள பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். பெரும்பகுதி வாசகம் மூன்றுக்கும் பொது. நோய் தரும் ஆந்த்ராக்ஸ்தான் என்று சொல்ல வேண்டுமென்றால் நான் முன்பு சொன்ன இரண்டு வளையங்களும் முழுசாகக் கிடைக்க வேண்டும். பொதுவான வரிகள் கிடைத்தால் போதாது.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட ராப் நைட் என்பவரின் ஆய்வகத்தினர் 2016இல் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விளைந்த தக்காளியின் தோலைத் துடைத்தெடுத்த டி.என்.ஏ.வை வழக்கமான முறையில் ஒப்பிட்டால், பிளாட்டிபஸ் என்று பதில் வந்தது. வாத்தின் அலகும் நீர்நாயின் உடம்பும் கொண்டு, ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆற்றோரம் வாழும் விலங்கு. வர்ஜீனியாத் தக்காளித் தோட்டத்தில் அது உலாவியிருக்க வழியில்லை. விலங்கென்றால் உடனே உறைக்கிறது. பாக்டீரியாவின் பெயராக இருந்தால் அப்படியே நம்பிவிடுகிறோம். பெயர் பிளேக்காக இருந்தாலோ, நம்பாமல் விடுவதற்கே பயமாக இருக்கிறது.

பிளேக் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய சாட்சிகள் நிலையத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. பிளேக் அடிப்படையில் எலியின் நோய், எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்ஹாட்டனில் பிடித்த 133 எலிகளைச் சோதித்து 2014 அக்டோபரில் முடிவு வெளியிட்டிருந்தார்கள். வயிற்றுப்போக்குப் பாக்டீரியாக்கள், எலிக்காய்ச்சல் கிருமி, சோல் ஹன்டா வைரஸ், அதுவரை அறியப்படாத 18 வைரஸ்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. பிளேக் இல்லை. அதே எலிகளின் உடம்பைச் சீவி எடுத்த ஆறாயிரத்துக்கும் அதிகமான தெள்ளு, பேன், சிற்றுண்ணிகள் பற்றிய ஆய்வு 2015 மார்ச்சில் வந்தது. பிளேக்கைப் பரப்பப் பேர்போன கீழைநாட்டு எலித்தெள்ளு ஐந்நூறுக்கு மேல் இருந்தன. அவற்றிலும் பிளேக் இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயம் அந்தத் தெள்ளுதான், பரப்புகிறவன் தயாராக இருக்கிறான் என்பதால். ஆனால் தலைப்புச் செய்தியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

மேசனின் குழு தரவுகளைத் திரும்பவும் ஆராய்ந்தது. 2015 ஜூலையில் திருத்தம் வெளியானது. பிளேக்கோ ஆந்த்ராக்ஸோ அங்கே இருந்ததற்குச் சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தவறை அதே இதழிலேயே எழுதித் திருத்தியதை நான் மதிக்கிறேன். ஆனால் பிப்ரவரித் தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஜூலைத் திருத்தத்தைப் படித்திருப்பார்கள் என்ற வருத்தமும் இருக்கிறது.

பட்டியல் எடுக்கும் வேலை அதோடு நிற்கவில்லை. நார்மன் பேஸ் தலைமையிலான குழு 2013இல் நியூயார்க் சுரங்கக் காற்றை ஆராய்ந்து, அது தெருக் காற்றோடு கொஞ்சம் மனிதத் தோல் பாக்டீரியா சேர்ந்தது என்று காட்டியிருந்தது. நாம் கம்பியைப் பிடிக்கும்போதும் நடக்கும்போதும் உதிர்வது. பிஸ்டன் விளைவு கெட்டதை மட்டும் பரப்புவதில்லை, தேங்கவிடாமல் கலைத்தும் விடுகிறது. ஹாங்காங்கில் பயணிகளின் உள்ளங்கையைத் துடைத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வந்தது. காலையில் ஒவ்வொரு ரயில் தடத்துக்கும் தனித் தனிப் பாக்டீரியாக் கூட்டம். மாலைக்குள் எல்லாத் தடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஒரு நகரம் ஒருநாளில் கைகுலுக்கிக்கொள்ளும் வேகம் அது. அதே ஆய்வில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் மரபணுக்கள் சிலவும் காலையில் ஒரு தடத்தில் மிகுந்திருந்து மாலையில் மற்றவற்றுக்கும் பரவியது தெரிந்தது. என்னைக் கேட்டால், பிளேக் தலைப்பைவிட இதற்குத்தான் நாம் பயப்பட வேண்டும். பிறகு மேசனே முன்னின்று நடத்திய மெட்டாசப் என்ற பன்னாட்டு முயற்சியில் 60 நகரங்களில் 4,728 மாதிரிகள் எடுத்து 2021இல் வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாக்டீரியாக்களும் எந்தத் தொகுப்பிலும் இல்லாதவை. 31 இனங்கள் மட்டும் அநேகமாக எல்லா மாதிரியிலும் இருந்தன. ஊரில் வழக்கமாக யார் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் கதவு தட்டிக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இப்படி ஒரு தலைப்பு நம் ஊர் ரயிலைப் பற்றியும் ஒருநாள் வரலாம். அன்றைக்குச் சில கேள்விகளைக் கேளுங்கள். கிடைத்தது டி.என்.ஏ. துண்டா, உயிருள்ள கிருமியா? ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்களா? அந்த ஊர் எலிகள் என்ன சொல்கின்றன? நோயாளி எங்கே?

நியூயார்க்குக்கு நம் காலத்தில் பிளேக் உண்மையாகவே ஒருமுறை வந்தது. 2002 நவம்பரில் நியூமெக்சிகோவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த கணவன் மனைவி இருவரும் காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டலுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார்கள். நியூமெக்சிகோவில் அவர்கள் வீட்டு நிலத்தில் கிடந்த செத்த எலியிலும் தெள்ளிலும் பிளேக் இருப்பதை அந்த மாநிலச் சுகாதாரத் துறை ஜூலை மாதமே கண்டிருந்தது. கணவர் பிழைத்தது பெரும்பாடு. கால்களை இழந்தார், ஆனால் பிழைத்தார். மனைவி குணமானார். அவர்களிடமிருந்து நகரத்தில் வேறு யாருக்கும் தொற்றவில்லை.